இரண்டு பேட்டரிகள்

ஈசல்மிக்கு வடக்கே, ஐந்தாம் நெடுஞ்சாலையில்
பெட்ரோல் பங்கின் கல்லாவில் நாற்பத்தோரு வருடம் இருந்தேன்.
அதில் பதினோரு நிமிடத்தைப் பற்றித்தான்
எல்லோரும் கேட்கிறார்கள்.

எழுபத்தெட்டு மார்ச். பனி கொட்டிய சாயங்காலம்.
பனிச்சறுக்குத் தாவலில் ஃபின்லாந்தின் செல்லப்பிள்ளை,
தாவெத்தி ஹுக்கனென்,
கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தான்.
காப்பி ஒன்று. கறுப்பு அதிமதுர மிட்டாய் ஒரு பொட்டலம்.
டார்ச்சுக்குப் போடுகிற பேட்டரி இரண்டு.
சில்லறையை எண்ணாமல் பையில் போட்டான்.
வடக்கே போனான்.
மறுநாள் ஏரிக்கரையில் கார் நின்றது,
கதவு பூட்டாமல்,
மிட்டாய்ப் பொட்டலம் பிரிக்காமல்.
பேட்டரிகள் இல்லை.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
போலீசுக்குச் சொன்னேன். வானொலிக்குச் சொன்னேன்.
தொலைக்காட்சிக்காரர்கள் கல்லாவுக்குப் பின்னால் நிற்கவைத்து
'கொஞ்சம் யோசிப்பது போல' என்றார்கள்; யோசித்தேன்.
பத்தாவது வருடம், அவன் கை நடுங்கியதாக ஒரு வரி சேர்த்தேன்.
இருபதாவது வருடம் அது எனக்கே நினைவாகிவிட்டது.

பனி உருகியதும் ஏரியைச் சலித்தார்கள்.
கிடைத்தது ஒரு துடுப்பு, யாருடையதோ பால் கேன்.
பிறகு அவன் எங்கும் தென்படத் தொடங்கினான்:
தாலினில் முடி வெட்டுகிறவனாக,
லிஸ்பனில் ஒரு டிராம் ஜன்னலில்,
ஒருமுறை, சத்தியம் செய்தார்கள்,
எங்கள் பாதிரியாரின் அடக்கத்தில், கடைசி வரிசையில்.

செத்தவனுக்குத் தேதி உண்டு, கல் உண்டு;
பூ வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.
இவனோ தாவினான், தரை தொட்டதை யாரும் பார்க்கவில்லை.
கைகள் விலாவோடு ஒட்ட, மூக்கு கட்டைகளின் நுனிக்கு மேலே நீள
இன்னும் காற்றில்தான் இருக்கிறான்,
இருபத்தாறு வயதில்,
தொந்தி விழாமல், தோற்காமல்,
சோப்பு விளம்பரத்தில் பல்லைக் காட்டாமல்.
கீழே நாம், கழுத்து வலிக்க, அண்ணாந்து.

இப்படித்தான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன்.

பிறகு பல் டாக்டர் வர ஆரம்பித்தார்.
ஐமோ ரௌதலா, தாம்பரே நகரம், ஒவ்வொரு ஜூனிலும்.
கொலையா, கடனா, பெண்ணா என்று ஒன்றும் கேட்கமாட்டார்.
'எந்த பம்பில் நிறுத்தினான்?'
மூன்றாவது.
அங்கே தன் காரை வடக்கு பார்க்க நிறுத்தி,
இன்ஜினை அணைக்காமல், ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் வைத்து
உட்கார்ந்திருப்பார். கடிகாரத்தில் நான் பார்த்திருக்கிறேன்:
பதினோரு நிமிடம்.
அப்புறம் உள்ளே வந்து ஒரு காப்பி.
மனைவிக்கு போன்: 'உருளைக்கிழங்கா? சரி, வாங்கி வருகிறேன்.'
காரைத் திருப்பி, தெற்கே.

ஒருமுறை மட்டும், கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டார்:
'கதவு நிஜமாகவே பூட்டியிருக்கவில்லையா?'
பூட்டியிருக்கவில்லை என்றேன்.
பல்வலி விட்டவன் மாதிரி முகம் தெளிந்தது.

அன்றைக்குப் புரிந்தது.
இவர்கள் யாரும் அவனைத் தேடி வரவில்லை.
அவன் கிடைத்துவிட்டால் குடி முழுகிவிடும்.
தேய்ந்த செருப்பு, தவணைப் புத்தகம், ஞாயிறு மதியத்துச் சோறு,
இத்தனைக்கும் நடுவில் சாத்தாத கதவு ஒன்று
உலகத்தில் எங்கோ இருக்கிறது என்றால்
அவரவர் வீட்டுக் கதவைத் தாழிட்டு
நிம்மதியாகத் தூங்கலாம்.
வருடத்துக்கு ஒருமுறை வந்து
தள்ளிப் பார்க்கிறார்கள், திறக்கிறதா என்று.

போன ஜூனிலும் டாக்டர் வந்தார். பதினோரு நிமிடம். ஒரு காப்பி.
போன் பண்ணவில்லை.
மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

செய்தித்தாளில் நான்கு வரி வந்தது, வானிலைக்குக் கீழே.
எந்தத் தொலைக்காட்சியும் வரவில்லை.
அவர் மனைவி மட்டும் ஒருநாள் கூப்பிட்டாள்;
குரல் உலர்ந்திருந்தது.
'அங்கே கடைசியாக என்ன வாங்கினார்?'

காப்பி, என்றேன்.

காப்பி மட்டும்தானா?

மூன்றாவது பம்பில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
காப்பி மட்டும்தான், என்றேன்.